வடிக்கிற கைக்கு ஒரு பானை

என் வீட்டுக்காரருக்குப் பாத்திரம் என்றால் எடைதான். திண்டுக்கல் கடைவீதியில் தராசில் ஏற்றி, விரலால் சுண்டி, "நல்ல கனம், காலத்துக்கும் கெடக்கும்" என்பார். எரியோட்டிலிருந்து கடைவீதிக்கு வந்து சேர்ந்துகொள்ளும் அவருடைய அக்காவும் "ஆமாப்பா" என்பார். அடுப்படியில் நிற்கப் போகிற என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

எனக்கு வலது மணிக்கட்டில் நரம்புக் கோளாறு. காபி டம்ளரைப் பிடித்தாலே விரல் மரத்துப்போகும். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது இவரும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். வீட்டில் நாங்கள் நாலே பேர். இவருக்குச் சர்க்கரை, குக்கர் சோறு ஆகாது, தினமும் வடிக்க வேண்டும். லேசான அலுமினியப் பானை போதும் என்றேன். வாங்கி வந்தது என்ன தெரியுமா? அடி தடித்த எவர்சில்வர் சட்டி, பத்துப் பேருக்குப் பொங்கலாம்!

"எரியோட்டுலருந்து அக்கா வீட்டாளுக வந்தா வேணும்ல?" என்றார். வருஷத்தில் இரண்டு தடவை வருகிறவர்களுக்காக நான் தினமும் அதைத் தூக்க வேண்டுமாம். பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தூக்கினேன்.

ஒரு நாள் காலையில் வடிக்கச் சாய்த்தபோது வலது கை விரல்கள் பிடியை விட்டுவிட்டன. கொதிக்கிற கஞ்சி அப்படியே இடது பாதத்தில் கொட்டியது. "அய்யோ, அம்மா!" என்று அலறினேன். ஓடி வந்தவர் குனிந்து முதலில் சட்டியைத்தான் புரட்டிப் பார்த்தார். "நல்லவேளை, நசுங்கல."

"ஏய்யா, எங்காலு வெந்து கெடக்கு, சட்டியவா பாக்குற?" கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அன்றுதான் அவரை அப்படிப் பேசினேன். இன்றுவரை அதற்காக நான் வருந்தவில்லை.

புண் ஆறியதும் தனியாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் வழக்கம்போலத் தராசை இழுத்தார். "அது வேணாம்ணே, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன். ஒவ்வொரு பானையிலும் தண்ணீரை ஊற்றி, இந்தக் கையால் தூக்கிச் சாய்த்துப் பார்த்தேன். மூன்றாவது பானை கைக்கு வந்தது.

வீட்டில் அதைப் பார்த்ததும் இவர் உதட்டைப் பிதுக்கினார். "தகடாட்டம் இருக்கு. எம்புட்டு நாளைக்கு வரும்?"

மறுநாள் பெரிய சட்டியிலேயே உலை வைத்து, சோறு வெந்ததும் கரித்துணியை அவர் கையில் கொடுத்தேன். "இன்னைக்கு நீங்களே வடிங்க."

இரண்டு கையாலும் தூக்கியவர் பாதியிலேயே மேடையில் இறக்கி வைத்துவிட்டார். "என்னா இம்புட்டுக் கனமா இருக்கு? நீ எப்பிடித் தூக்குன?"

இந்தக் கேள்வியைச் சட்டி வாங்கிய அன்றே கேட்டிருந்தால் என் பாதத்தில் தோல் மிஞ்சியிருக்கும்.