உலக நலனுக்காக ஒரு வாட்ஸ்அப் ஜபம்

இன்று காலை முதல் எங்கள் கணபதி அபார்ட்மெண்டின் வாட்ஸ்அப் குழுவில் கூட்டு ஜபம். ஒவ்வொருவரும் மந்திரத்தைத் தட்டி, அடுத்த எண்ணைப் போட வேண்டும். தட்டுவதாவது! எல்லாம் காப்பி, பேஸ்ட்தான். இதற்குக் குளித்துவிட்டு வேறு வரவேண்டுமாம்.

நடுவில் மூன்றாம் மாடி சரவணன் எழுதினார்: "அம்மாவுக்கு அவசர ஆபரேஷனுங்க. ஓ நெகட்டிவ் ரத்தம் வேணுங்க. யாராச்சும் இருக்கீங்களா?"

உடனே பதில் வந்தது. அதே மந்திரம், அடுத்த எண்.

பிறகு அட்மின் அம்மாவின் குரல் பதிவு, தேன் ஒழுக: "ஏனுங்க சரவணன், நடுவுல வேற மெசேஜ் வந்தா சங்கிலி அறுந்துபோயிருமுங்க. அதைக் கொஞ்சம் டெலீட் பண்ணிப்போடுங்க கண்ணு."

அந்த மனிதரும் அழித்துவிட்டார்.

என் ரத்தம் வேறு வகை. ஆபீஸ் குழுவில் கேட்டேன். யாருக்கோ தெரிந்த ஒருவர் காங்கேயத்தில் பஸ் ஏறிவிட்டார். அவர் குளித்தாரா என்று நான் கேட்கவில்லை.

அட்மின் அம்மாவிடம்தான் கேட்டேன், இந்த ஜபம் எதற்கு என்று.

"உலக நலனுக்குங்க."

எங்கள் உலகம் இரண்டாம் மாடியோடு முடிகிறது. உங்கள் அபார்ட்மெண்டில் எதுவரைக்கும்?