பதினேழு கட்டைவிரல்கள்

ஓசூரைச் சுற்றி நான் இறக்கி நிறுத்திய இயந்திரங்கள் நாற்பது ஷெட்டுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மூக்கண்டப்பள்ளியில் மாடி வீடு, ராயக்கோட்டைப் பாதையில் சொந்தமாக கிரேன் நிறுத்துமிடம், நாலு மொழியில் திட்டத் தெரிந்த வாய். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கட்டியது இத்தனையும். இதில் வாய்க்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

வரைபடம் பார்த்து வேலை செய்ய எனக்கு வராது. அதனால் வேலைக்கு முந்தின நாள் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து வேலையை வாயாலேயே சொல்லச் சொல்வேன். அவனவன் வேலையைக் கேட்டால் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிடுவான். நான் கேட்பது, பக்கத்தில் நிற்பவன் நாளைக்கு என்ன செய்யப்போகிறான் என்று. அங்கேதான் குட்டு உடையும்.

போன வருடம் ஒரு தொழிற்சாலையில் இரும்புத் தகடு அடிக்கும் பெரிய பிரஸ் ஒன்றைப் பழைய ஷெட்டிலிருந்து புதிய ஷெட்டுக்கு மாற்ற வேண்டும். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவகாசம். திங்கள் காலை ஷிஃப்டில் பிரஸ் ஓடாவிட்டால், நான் முதன்முதலில் சம்மட்டி தூக்கிய அந்த வாசலுக்குள் இனி என்னை விடமாட்டார்கள்.

திட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மேடம். கெட்டிக்காரர். சனிக்கிழமை மத்தியானம் கைபேசியை என்னிடம் காட்டினார்.

"பிரஸ் பின்வாசல் வழியா வருதுன்னு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேன். பாருங்க, பதினேழு பேரும் கட்டைவிரல் போட்டுட்டாங்க. எல்லாருக்கும் தெரியும்."

"கட்டைவிரலுக்குத் தெரியும் மேடம். ஆளுக்குத் தெரியுமான்னு பாத்துடலாம், ஒரு டீ சொல்லுங்க" என்றேன்.

டீ வந்தது. வட்டம் கூடியது. என் கிரேன் ஓட்டுநர் பேரிகை ஊர்க்காரர், வீட்டில் தெலுங்கு. அவரைத்தான் முதலில் கேட்டேன். "கேபிள் மேஸ்திரி நாளைக்கு என்னாப்பா பண்றாரு?"

"அவருக்கின்னாண்ணா, கரண்ட்ட நிறுத்துவாரு, நெழல்ல ஒக்காருவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். கேபிள் மேஸ்திரி ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர், ரோஷக்காரர். "நெழலா? காலையில ஆறு மணிக்கே பின்வாசல்ல பள்ளம் தோண்டறேன் நானு. கேபிள் போடணுமில்ல?"

ஓட்டுநர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "யோவ் மேஸ்திரி! அந்த வழியாத்தான்யா நான் பிரஸ்ஸ தூக்கிட்டு வரணும்!"

மேடம் முகம் வெளுத்துப்போனது. "நீங்களும்தானே கட்டைவிரல் போட்டீங்க?"

"மேடம் மெசேஜ் போட்டா போடணுமில்லீங்களா? வணக்கம் மாதிரி அது" என்றார் மேஸ்திரி. சுற்றி நின்ற ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். பதினேழும் வணக்கம்! முதலில் சிரித்தது மேடம்தான். அப்புறம் ஷெட்டே சிரித்தது.

பிரஸ் தாண்டிய பிறகுதான் பள்ளம் என்று அங்கேயே முடிவானது. மேஸ்திரி அதைத் தமிழில் சொன்னார், ஓட்டுநர் தெலுங்கில் சொன்னார், ஒடிசாவிலிருந்து வந்த வெல்டர்கள் இந்தியில் திருப்பிச் சொன்னார்கள். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு பிரஸ் பின்வாசலைத் தாண்டியது. மேஸ்திரி மண்வெட்டியோடு ஓரமாக நின்று, கல்யாண ஊர்வலத்துக்கு வழி விடுவதுபோல் கும்பிட்டார். திங்கள் காலை சங்கு ஊதியதும் பிரஸ் அடித்த முதல் தகட்டை மேடம் என் கையில் கொடுத்தார். இன்றும் அது என் வீட்டு டிவி மேல்தான் இருக்கிறது.

போன மாதம் வேறு வேலையாக அந்த ஷெட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு பலகை: "அடுத்தவர் வேலையைச் சொல்லுங்கள் – தினமும் ஐந்து நிமிடம்." கீழே மேடத்தின் புகைப்படம், பக்கத்தில் மேலாளரின் புகைப்படம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுக்கிறார்களாம். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. என் வட்டம் இப்போது அந்தத் தொழிற்சாலையில் தினமும் ஷெட் ஷெட்டாக நிற்கிறது.

ஆனால் அந்தப் பலகையில் வலது மூலை காலியாக இருக்கிறது. நான் அளந்தே பார்த்துவிட்டேன், ஒரு பாஸ்போர்ட் படம் தாராளமாக ஒட்டலாம். வெள்ளைச் சட்டையில் எடுத்த படம் என் பையில் தயாராக இருக்கிறது. மேடம், மேலாளர் சார், இதைப் படித்தால் அந்த மூலையில் என் படத்தை ஒட்டி, "இதைத் தொடங்கியவர் இவர்" என்று கீழே தமிழில் ஒரு வரி எழுதிவிடுங்கள். படித்துவிட்டு கட்டைவிரல் மட்டும் அனுப்பினால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.