தர்மத்தில் கை வைத்தவர்களுக்கு நான் வக்கீல்

திருடனுக்கு வக்கீல் என்றால் ஊர் ஒரு மாதிரி பார்க்கும். தர்ம ஸ்தாபனத்தில் திருடியவருக்கு வக்கீல் என்றால் பெற்ற தாயே தட்டில் சோற்றைச் சற்று வேகமாகப் போடுவாள். இலவச சட்ட உதவியில் கேஸ் எடுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தொண்ணூறுகளின் கடைசியில் மலையாள தேசத்தில், வஞ்சியூர் கோர்ட்டில் நான் ஜூனியர். அந்த ஊரிலேயே தமிழர்கள் குடியிருக்கும் ஆரியசாலைப் பெண் என்பதால், தமிழ் பேசும் குற்றவாளி யார் வந்தாலும் என் தலையில்தான்.

சக்கர நாற்காலி

சுடலைமுத்து கட்டட வேலைக்கு வந்தவர். மனைவி பேச்சி சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தாள். தம்பானூர்ப் பக்கம் ஒரு சங்கத்தில் நோயாளிகளுக்குச் சக்கர நாற்காலி இரவல் தருவார்கள். மூன்று முறை போனாராம். படிவம் மலையாளத்தில், கூடவே இந்த ஊர் ரேஷன் கார்டு வேண்டும். நாலாவது முறை, வராந்தாவில் நின்ற நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் போலீஸ் பிடித்தபோது, பேச்சி நாற்காலியில் உட்கார்ந்து தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள்.

சட்டத்துக்கு வராந்தாவும் கட்டடம்தான்; கட்டடத்தில் திருடினால் ஏழு வருஷம் வரை போகலாம். புகார் கொடுத்தவரே வேண்டாமென்றாலும் அந்தப் பிரிவில் சமரசத்துக்கு இடமில்லை. சுடலைமுத்து குற்றத்தை ஒப்புக்கொண்டார். முதல் குற்றம் என்பதால் கண்டித்து விட்டுவிடும்படி கேட்டேன். மாஜிஸ்திரேட் மலையாளத்தில் கண்டித்தார். நான் தமிழில் சொன்னேன். "மனசிலாயோ?" என்று கேட்டார். சுடலைமுத்து கைகூப்பினார். "புரிஞ்சுது ஐயா. வண்டிதான் கோர்ட்டுல இருக்கு. வெளியில அவ தரையில கெடக்கா. எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு ஐயாவே சொல்லிருங்க."

அதையும் மொழிபெயர்த்தேன். புகார் கொடுத்த சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எழுந்து நின்றார்.

"வண்டி அவங்க கையிலே இருக்கட்டே, சார். ஃபாரம் நான் எழுதிக்கறேன்."

பொருளாளர்

ஏழைகளின் மருந்துச் செலவுக்கு வைத்திருந்த நிதியைத் தின்றதாக ஒரு சங்கத்தின் கௌரவப் பொருளாளர் என் சீனியரிடம் வந்தார். வெள்ளை வேட்டி, சந்தனம். ஜேப்படிக்காரர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார முடியாது என்று வராந்தாவில் நின்றுகொண்டார். அவர் மேல் போட்டிருந்தது வெறும் நம்பிக்கை மோசடி. அதிகபட்சம் மூன்று வருஷம். அதையே சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் செய்தால் ஏழு. இதென்ன நியாயம் என்று எங்கள் குமாஸ்தா கோபிச் சேட்டனிடம் கேட்டேன். கேஸ் கட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"சம்பளம் வாங்காம திருடினா கன்ஸெஷன் உண்டு, மேடம்."

பால்பவுடர்

பாக்கியத்தக்கா ஓர் அநாதை விடுதியில் சமையல் வேலை பார்த்தவர். பால்பவுடர் டின் இரண்டு காணாமல் போனது. சாமான் அறைச் சாவி அவரிடம் இருந்தது. ஊழியர் என்பதால் ஏழு வருஷப் பிரிவு.

"அக்கா, சாவி உங்ககிட்ட மட்டுமா இருந்தது?"

"பெருக்க வர்ற லில்லிகிட்டயும் ஒண்ணு உண்டு."

"அப்போ பேசாம இருங்க. சந்தேகத்தின் பலனை வாங்கித் தர்றேன்."

"அப்போ சந்தேகம் லில்லி மேல போகும்லா?"

விசாரணையன்று அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நான்தான் எடுத்தேன். மகளுக்குப் பால் இல்ல, பேரப்பிள்ளை அழுதுச்சு" என்று சொல்லிவிட்டார். நல்லவேளை, மாஜிஸ்திரேட் சிறைக்கு அனுப்பவில்லை. ஒரு வருஷ நன்னடத்தை ஜாமீனில் விட்டார். ஆனால் விடுதி திரும்ப வேலைக்கு எடுக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கோர்ட் படியில் விடுதி வார்டன் நின்றிருந்தார். அக்கா நேரே அவரிடம் போனார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"புதுசா வந்திருக்கவகிட்டச் சொல்லுங்கம்மா, கடைசிக் கட்டில் பிள்ளை சூடா குடுத்தா குடிக்காது. நல்லா ஆத்திக் குடுக்கணும்."

இந்த கேஸ்களால் எனக்குப் பேரும் வரவில்லை, பீஸும் வரவில்லை. தர்ம ஸ்தாபனம் என்று யாராவது நன்கொடை கேட்டு வந்தால், அங்கே சமைப்பவருக்கு என்ன சம்பளம் என்று கேட்டுவிட்டுத்தான் பையைத் திறக்கும் கெட்ட பழக்கம் மட்டும் வந்திருக்கிறது.