நின்றது தறி, ஓடியது என் வீட்டுக்காரர்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளும் மருமகனும் புதுக் காரில் வந்து இறங்கினார்கள். வெள்ளைக் கார். ஜப்பான் கம்பெனி. பேரைச் சொல்ல மாட்டேன் – சொன்னால், ‘கிழவிக்கு எம்புட்டுக் குடுத்தாங்க?’ என்று நீங்களே கேட்பீர்கள். ஆனால் உங்கள் தெருவிலும் ஒன்று நிற்கும், போய்ப் பாருங்கள்.

“ஏறும்மா. கிருஷ்ணன்கோவில் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்” என்றாள் மகள்.

ஏறினேன். கதவைச் சாத்தினேன். அவ்வளவுதான்... முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து, வண்டி ‘டிங் டிங்’ என்று கத்த ஆரம்பித்துவிட்டது.

பதறிக் கதவிலிருந்து கையை எடுத்தேன். “ஐயையோ, ஒடச்சிட்டனா?”

மகள் சிரித்தாள். “ஒண்ணும் ஒடையலம்மா. ஒன் சேலை முந்தி கதவுல மாட்டியிருக்கு. சரியாச் சாத்தலைன்னு வண்டி சொல்லுது.”

சேலையை இழுத்துக்கொண்டு மறுபடி சாத்தினேன். வாயை மூடிக்கொண்டது.

கார் வாங்கியவர்களில் இரண்டு வகை உண்டு. ஓட்டுகிறவர்கள், அதைப் பற்றிப் பேசுகிறவர்கள். என் மருமகன் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறவர்.

“ரிப்பேரே வராது அத்தை. இந்த வண்டியக் கண்டாலே மெக்கானிக்குக்குக் கோவம் வரும். பத்து வருஷம் ஓட்டிட்டு வித்தாலும் போட்டி போட்டு வாங்குவான்” என்றார். அதோடு நிற்கவில்லை. “இந்தக் கம்பெனிக்காரன் மொதல்ல காரே செய்யலை, தெரியுமா? தறி செஞ்சான்.”

“தறியா?”

“தறிதான். ஒரு தச்சன் மகன். அம்மா தறியில கெடந்து கஷ்டப்படுறதப் பாத்துப் பாத்து, புதுசா ஒரு தறி கண்டுபிடிச்சான். நூல் அறுந்தா தானா நின்னுரும். இங்கிலாந்துக்காரனே காசு குடுத்து அந்தத் தறி உரிமைய வாங்குனான்னா பாத்துக்கோங்க. அதுல கெடச்ச ஆதாயத்த வச்சுத்தான் அவன் மகன் காருல எறங்குனான்.”

நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும்...

அதற்குப் பிறகு மருமகன் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. மகள் திரும்பிப் பார்த்தாள். “என்னம்மா, தல சுத்துதா?”

தலை சுற்றவில்லை. அந்த நிமிஷம் எனக்குப் பதினாறு வயது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. எனக்குப் பிறந்த ஊர் தளவாய்புரம். அப்பா கைத்தறி நெசவு. வாழ்க்கைப்பட்டது ராஜபாளையம். வீட்டுக்காரருக்கு ஒரு நெசவு மில்லில் வேலை. மில் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தகரம் போட்ட ஒரு ஷெட். உள்ளே பழைய இங்கிலீஷ் தறிகள். அதில் பாவு நூல் – அதாவது நீளவாக்கில் கட்டியிருக்கும் நூல் – ஒன்று அறுந்தாலும் தறி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆள்தான் பார்த்து நிறுத்த வேண்டும். கொஞ்சம் கண் அசந்தால் துணியில் முழ நீளத்துக்குக் கோடு விழும். பின்னாலேயே வசவும் விழும்.

எங்கள் கல்யாணத்துக்கு அவர் ஒரு வாரம் லீவு போட்டார். பார்த்துவைத்தாற்போல அந்த வாரத்தில்தான், ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த ஆறு தறிகளை ஷெட்டில் இறக்கி மாட்டினார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்து எல்லாருக்கும் ஓட்டிக் காட்டிவிட்டுப் போனார். எல்லாருக்கும் – என் வீட்டுக்காரரைத் தவிர. அவர் அந்நேரம் தளவாய்புரத்தில் மாமனார் வீட்டுக் கோழிக் குழம்பில் இருந்தார்.

லீவு முடிந்து போனவரிடம், கூட வேலை பார்த்தவர்கள் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார்கள். முதலாளி போட்டிருந்த மிரட்டல். “இந்த மிஷின ஒடச்சவனுக்கு இந்த ஊர்ல எந்த மில்லுலயும் வேலை கெடையாது. போலீஸ்லயும் புடிச்சுக் குடுப்பேன்.”

நூல் அறுந்தால் தறி தானாக நிற்கும் என்பதை? யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். கேட்டால் சிரிப்பார்கள் என்று இவர் நினைத்துக்கொண்டார். நம் ஊரில் பாதிக் காரியம் இப்படித்தானே கெடுகிறது?

முதல் நாள் மத்தியானமே ஆள் வீட்டுக்கு வந்துவிட்டார். அத்தை – என் மாமியார் – கடைத்தெருவுக்குப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும்தான்.

“என்ன, சோத்துத் தூக்குச்சட்டியக் கையோட கொண்டுபோனியளே... வீட்டுக்கு வந்துட்டிய?” என்றேன்.

“ஏட்டி, மிஷின ஒடச்சிட்டேன்.”

“ஒடச்சிட்டியளா? எப்படி?”

“தெரியல. ஓடிக்கிட்டே இருந்துச்சு, கடக்குன்னு நின்னுருச்சு. கைப்பிடிய இழுத்துப் பாத்தேன், அசையல. மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தாரு. அவரு வாரதுக்குள்ள வந்துட்டேன்.”

“அவருட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்லி? வெலங்கோட நிக்கித மருமவன ஒங்க அய்யா வந்து பாக்கணுமாக்கும்?”

பேசிக்கொண்டே இரண்டு வேட்டியைத் துண்டில் சுருட்டினார்.

“ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறுதேன். இங்க ஸ்டேஷன்ல நின்னா மில்லு ஆளுக பாத்துருவாக. அங்கன ரயிலப் பிடிச்சு மண்டபம் கேம்பு. அதுக்கங்கிட்டு கப்பல்ல கொழும்பு. பொறவு காயிதம் போடுதேன்.”

“எப்ப திரும்பி வருவிய?”

மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

கொழும்புக்குப் போன ஆள்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் உண்டு. ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. ஆள்? மூன்று பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு நாள். ‘இவ கால் வச்ச நேரம்’ என்று தெரு பேசும். பேசினால் பேசட்டும்... எனக்கு அந்த ஆளைப் பிடித்திருந்தது. இந்த வயதில் இதை எழுத என்ன வெட்கம்?

அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தால் அத்தை வந்து கேட்பார். அப்புறம் ஊருக்கே தெரிந்துவிடும். அதைவிட, என் மண்டைக்குள் ஒரு கேள்வி குடைந்தது. தறி எப்படி உடையும்? நான் நெசவாளி மகள். ஏழு வயதிலிருந்து அறுந்த பாவைக் கட்டிய கை இது. மரத் தறியே லேசில் உடையாது. இதுவோ இரும்பு. பக்கத்தில் ஒரு மனுஷன் நின்றால் உடைந்துவிடுமா? என்னதான் உடைந்தது என்று என் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

சோற்றுத் தூக்கை அவர் மில்லிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். போவதற்கு அது ஒரு சாக்கு. கிளம்பிவிட்டேன்.

ஷெட்டு வாசலில் மேஸ்திரி வெங்கட்ராஜு நின்றிருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் வெளியிலும் தெலுங்குதான்.

“யாரும்மா நீ?”

“அந்தா, அந்தத் தறிக்காரவுக வீட்டுல” என்று, ஓடாமல் நின்ற ஒரே தறியைக் காட்டினேன். புருஷன் பேரைச் சொல்கிற வழக்கம் எங்களுக்கு அப்போது கிடையாது.

“அருளப்பன் பொண்டாட்டியா? எங்கம்மா அவன்?”

“வயித்து வலி. வீட்டுல படுத்திருக்காவ. தூக்குச்சட்டிய எடுத்துட்டுப் போவ வந்தேன்.” மாதாவே, அந்தப் பொய்யை மன்னித்திருப்பாய்.

“வயித்து வலின்னா? ஒரு நூலக் கட்டிப்போட்டுட்டுப் போகக் கூடாதா? ஏமிரா இது! மிஷின் சும்மா நிக்குது பாரு!”

“நூலா?”

“பின்னே? இங்க வா.”

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஒரே ஒரு பாவு நூல் அறுந்து தொங்கியது. ஒவ்வொரு நூலிலும் ஒரு மெல்லிய தகடு மாட்டியிருந்தது. அறுந்த நூலின் தகடு மட்டும் கீழே விழுந்து கிடந்தது.

“நூல் அறுந்தா இந்தத் தகடு விழும். விழுந்தா மிஷின் நிக்கும். கட்டுற வரைக்கும் நகராது. அதுக்குத்தானம்மா இம்புட்டுத் தூரத்துலருந்து கப்பல்ல வந்திருக்கு!”

“அப்ப... இது ஒடையலையா?”

“ஒடையுறதா! ஏன் அப்படிக் கேக்குற?”

“சும்மாத்தான்” என்றேன். ஓரத்தில் இருந்த சோற்றுத் தூக்கை எடுத்துக் கால்பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

கட்டுவதற்கு ஆளைக் கூப்பிடப் போனார் மேஸ்திரி. “நான் கட்டட்டுமா?” என்று கேட்டேன். சிரித்தார். சரி, செய்து பார் என்பதுபோலத் தள்ளி நின்றார். அறுந்த இரண்டு முனையையும் பிடித்தேன். ஒரு சுற்று, ஒரு முறுக்கு, ஒரு இழுப்பு. தகடு நிமிர்ந்தது. அவர் கைப்பிடியைத் தள்ளினார். தடக்... தடக்... தடக்... எனக்குக் காலடியில் தரை அதிர்ந்தது.

“ஒன் புருஷன விட வெரசாக் கட்டுறியே! நாளைக்கு அவன அனுப்பு. வரலைன்னா நீயே வா” என்றார்.

நாளைக்கு அவரை அனுப்ப வேண்டுமென்றால், இன்றைக்கு அவர் என் கையில் கிடைக்க வேண்டுமே!

அடுத்த பஸ் எப்போது வரும் என்று தெரியாது. ஆனால் விருதுநகர் போகிற மத்தியான ரயில் ராஜபாளையத்துக்கு வந்துவிட்டுத்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும். அவர் ஏறப்போகிற அதே வண்டி. தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். வண்டி மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. டிக்கெட்டை வாங்கி, பெண்கள் பெட்டியில் விழுந்தடித்து ஏறினேன். செபமாலையில் முப்பது மணிகூட உருட்டி முடிக்கவில்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டது.

பிளாட்பாரத்தில் ஜேஜே என்று கூட்டம். ஆண்டாள் கோயிலில் ஏதோ விசேஷம். எல்லாரும் வேட்டி, எல்லாரும் துண்டு, எல்லார் கக்கத்திலும் மூட்டை. இதில் என் ஆள் யார்?

கண்டுபிடித்துவிட்டேன். கடைசிப் பெட்டிப் பக்கம். படியில் ஒரு காலை வைத்திருந்தார்.

“ஏங்க!” என்று கத்தினேன். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை. மறுபடியும், “ஏங்க!” இன்னும் பத்துப் பேர்! கார்டு விசில் ஊதிவிட்டார். பேரைச் சொல்ல வாய் வரவில்லை. கூட்டத்தில் நெருங்கவும் முடியவில்லை. என்ன சொன்னால் அந்த ஒரு ஆள் மட்டும் திரும்புவார்?

“மிஷின் ஒடையலை! நூலுதான் அறுந்துச்சு!”

பிளாட்பாரமே என்னைப் பார்த்தது. பாவம், யாரோ புத்தி பேதலித்த பெண் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டுமே! அவர் திரும்பினார். வண்டி நகர ஆரம்பித்தது. படியில் இருந்த கால் கீழே இறங்கியது.

வண்டி போய், கூட்டம் வடிந்து, நாங்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“நூலா?” என்றார்.

“நூலுதான். நானே கட்டுனேன். இப்ப ஓடுது.”

“நீயா?”

“ஏன், தளவாய்புரத்துக்காரிக்குக் கட்டத் தெரியாதா?”

“அப்ப நான் ஒண்ணுமே பண்ணலையா?”

“பண்ணுனிய. ஓடி வந்திய.”

சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பிறகு தூக்கைத் திறந்து, ஆறிப்போன சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். அப்படி ஒரு பசி!

அந்தத் தறி என் மருமகன் சொல்கிற கம்பெனியுடையதுதானா? தெரியாது. அதில் பொறித்திருந்த எழுத்தை எனக்கு அன்றும் படிக்கத் தெரியாது, இன்றும் தெரியாது. ஜப்பானிலிருந்து வந்தது, நூல் அறுந்தால் நின்றது – எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். ஓடுகிற மிஷின் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். தப்பு நடந்தால் நிற்கிற மிஷினைச் செய்ய வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறதே! நமக்கெல்லாம் நின்றால் அவமானம். நூல் அறுந்தது தெரிந்தும் ஓட்டிக்கொண்டே இருப்போம். கோடு விழுந்த துணியை உள்பக்கமாக மடித்து விற்போம். நில்லு, பாரு, கட்டு, அப்புறம் ஓடு என்று இரும்புக்கே சொல்லிக்கொடுத்தவர்கள் கார் செய்தால், அது ஊர் மெச்ச ஓடுவதில் என்ன அதிசயம்?

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ராஜபாளையம் திரும்பும்போது, அவர் என் காதோரம் குனிந்தார். “ஏட்டி, இத ஆருட்டயும் சொல்லிராத.”

சரி என்றேன். அத்தையிடம் சொல்லவில்லை. பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. பின்னால் அவரே அந்த ஷெட்டுக்கு மேஸ்திரி ஆனார். புதிதாக ஆள் வந்தால் முதல் நாளே பக்கத்தில் நிறுத்தி, “இது நின்னா பயந்துராதலே” என்றுதான் ஆரம்பிப்பாராம். ஏன் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. இன்று உங்கள் எல்லாரிடமும் போட்டு உடைத்துவிட்டேன். மேலே போனதும், ‘ஏட்டி, சொல்லாதன்னு சொன்னேன்லா?’ என்று அதட்டத்தான் போகிறார்.

அதட்டட்டும். அந்த அதட்டலைக் கேட்கத்தானே அன்றைக்கு ரயிலேறிப் போனேன்?