பேய் பட்டனும் சிவப்புச் சாவியும்

கம்ப்யூட்டரில் சுடுகிற விளையாட்டைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் சுடுவது கொஞ்சம்தான், மீதி நேரமெல்லாம் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது. இதே வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள், "விளையாடுறதுக்குச் சம்பளமா, கொடுத்து வச்சவ" என்பார்கள். அவர்களை ஒரு வாரம் என் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும்.

நான் ஜெனி. பிளஸ் டூவோடு போதும் என்று படிப்பை விட்டவள். காரைக்கால் தருமபுரத்தில் ஒரு மாடி அறையில் மூன்று பேர் வேலை பார்க்கிறோம். மாறன் அண்ணன் புரோகிராம் எழுதுவார், பர்வீன் அக்கா அரக்கர்களை வரைவார், நான் அதில் எதெல்லாம் உடைகிறது என்று பார்ப்பேன். எங்கள் விளையாட்டு அந்தக் காலத்து ரகம். திரையில் நம் கையும் துப்பாக்கியும் மட்டும் தெரியும். கட்டம் கட்டமாகத் தெரிகிற பழைய காலத்துப் படமாக அரக்கர்கள் வருவார்கள். கடலுக்குள் ஒரு கோட்டை, கலர் கலராகச் சாவி, அதே கலரில் கதவு. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அம்புக்குறியெல்லாம் வராது.

மாறன் அண்ணன் இதற்காகவே பெங்களூர் வேலையை விட்டு வந்தவர். பழைய கம்பெனி அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. புது விளையாட்டுகளின் முதல் பகுதியை உலகம் முழுக்க இலவசமாக விளையாட விடுகிற இணையத் திருவிழா ஒன்று வரவிருந்தது. அதில் எங்கள் கோட்டை ஏறி, நாலு பேர் அதைப் பற்றிப் பேசினால் தொடர்வது. இல்லையென்றால் அறையைக் காலி செய்துவிட்டு அவர் பெங்களூருக்கு ரயில் ஏறுவது. எனக்கு மயிலாடுதுறையில் சித்தப்பாவின் செருப்புக் கடை காத்திருந்தது. அந்த மாதங்களில் கண்ணை மூடினால் எனக்குச் செருப்புப் பெட்டியாகத்தான் தெரியும்.

போரடிக்குது

மாறன் அண்ணனின் தங்கை என் கிளாஸ்மேட். விளையாடிப் பார்க்க ஆள் வேண்டும் என்று எங்களை ஒரு கூட்டமாகக் கூட்டிப் போனாள். எல்லோரும் ஆளுக்கு ஒரு ரவுண்டு விளையாடி, "சூப்பர் அண்ணா" என்று சொல்லி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்தார்கள். என் முறை வந்தது. கோட்டைக்குள் ஒரு நீளமான வராந்தா. நடக்கிறேன், நடக்கிறேன், ஒன்றும் வரவில்லை. மவுஸை வைத்துவிட்டேன். "போரடிக்குது. இந்த வராந்தாவுல நடக்குறதுக்கு நான் பீச் ரோட்டுல நடந்துட்டுப் போவேன்" என்றேன்.

அவர் தங்கை என் காலை மிதித்தாள். அண்ணனின் முகம் சுண்டிப்போனது. நான் சைக்கிளை எடுக்கும்போது அவர் படியிறங்கி வந்தார். சரி, திட்டு விழப்போகிறது என்று பூட்டைத் திறந்தபடியே நின்றேன். அவர் சொன்னார்:

"சூப்பர்னு சொல்ல ஊர்ல நெறைய பேரு இருக்காங்க. நீ நாளைலேர்ந்து வந்து போரடிக்குதுன்னு சொல்லு."

அரக்கன் செத்த சத்தம்

வீட்டுக்காரர் கீழே குடியிருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் தெருவில் 'சொல்தா', அதாவது பிரெஞ்சில் சிப்பாய், என்றால் அவர்தான். சத்தம் வந்தால் அன்றைக்கே காலி என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்திருந்தார். எங்களுக்கோ அரக்கன் செத்து விழுகிற சத்தம் வேண்டும். மாறன் அண்ணன் ஜன்னலையெல்லாம் சாத்தி, கதவிடுக்கில் போர்வையைத் திணித்து, மைக்குக்கு முன்னால் நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். நான் ஹெட்போனைக் கழற்றி, "பத்தல அண்ணே, இன்னும் வலிக்கணும்" என்றேன். மறுபடி கத்தினார். நிஜமாகவே வலித்திருக்கும் போல, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் கைத்தடியோடு சொல்தா. மைக்கைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், வியர்த்துக் கொட்டிய அண்ணனைப் பார்த்தார். பர்வீன் அக்கா தட்டுத்தடுமாறி, "விளையாட்டுக்குங்க. அரக்கன் சாகுறானுங்க" என்றார். சொல்தா கைத்தடியைத் தரையில் ஊன்றினார். திருவிழாவுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது, அந்த நேரத்தில் வேறு அறைக்கு எங்கே போவது? நான் மனசுக்குள் கம்ப்யூட்டர் ஒயரையெல்லாம் சுருட்ட ஆரம்பித்துவிட்டேன். சொல்தா சொன்னார்:

"சாவுறவன் இவ்வளவு நேரம் கத்த மாட்டான். சுருக்கா முடிங்க, நான் படுக்கணும்."

தூணுக்குப் பின்னால் மதன்

வெளியாளை விளையாட விட்டுப் பார்க்கும்போது நாம் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் இந்த வேலையிலேயே கொடுமையான விதி. என்னோடு படித்த மதனை உட்கார வைத்தோம். இன்ஜினியரிங் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நாள் பூரா போனில் சுட்டுக்கொண்டிருப்பவன். வந்த வேகத்தில் அடிபட்டு, உயிர் கால்வாசிக்கு இறங்கியதும் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். நின்றான், நின்றுகொண்டே இருந்தான். இந்தக் காலத்து விளையாட்டில் ஒளிந்து நின்றால் உயிர் தானாக ஏறும். எங்களுடையதில் ஏறாது, தேடிப்போய் மருந்துப் பெட்டியை எடுக்க வேண்டும். அந்தப் பெட்டி அவன் பக்கத்திலேயே கிடந்தது. திரும்பினால் தெரியும். திரும்பவில்லை.

மாறன் அண்ணன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். பர்வீன் அக்கா துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டிருந்தார். திருவிழாவுக்கு வருகிறவர்களும் இப்படியே நின்றுவிட்டுப் போய்விட்டால் கதை முடிந்தது என்று மூன்று பேருக்கும் தெரியும். மதன் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தான். மூடினான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"இந்த ஆளுக்கு வீட்டுல யாரும் இல்லையா ஜெனி? அடிபட்டு இவ்வளவு நேரமா நிக்கிறான், ஒருத்தரும் வந்து என்னன்னு கேக்கலையே."

நண்டின் முதுகு

பழைய ரக விளையாட்டில் அரக்கன் என்பது படம்தான். நாம் அவனைச் சுற்றி வந்தால் எந்தப் பக்கம் நிற்கிறோமோ அந்தப் பக்கத்துப் படம் தெரிய வேண்டும். அதனால் பர்வீன் அக்கா ஒவ்வொரு அரக்கனையும் எட்டுப் பக்கத்திலிருந்தும் வரைவார். நடப்பது, பாய்வது, சாவது எல்லாவற்றுக்கும் தனித்தனியாக. நண்டு அரக்கனுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, "பாரு ஜெனி" என்று லேப்டாப்பைத் திருப்பினார். நான் பார்த்தேன். "முன்னாடிலேர்ந்து பாத்தா நண்டு. பின்னாடிலேர்ந்து பாத்தா சுசியம்" என்றேன்.

லேப்டாப்பை மூடினார். டிபன் பாக்ஸையும் மூடினார். அதற்கப்புறம் என்னிடம் பேச்சில்லை. என்னிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்றால், "அவகிட்ட கேளுங்க மாறன்" என்பார். நான் கைநீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். நாள் நெருங்குகிறது, இருக்கிறதே மூன்று பேர், அதில் இரண்டு பேருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. சுசியத்தைச் சுசியம் என்றுதானே சொன்னேன்?

ஒருநாள் காலையில் விளையாட்டைத் திறந்தால் நண்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஓடு முழுக்க முள், நடுவில் வெடித்த மாதிரி ஒரு பிளவு, அதற்குள் ஏதோ அசைகிறது. நாற்காலியோடு பின்னால் தள்ளி வந்துவிட்டேன். "பயமா இருக்குக்கா" என்றேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"உண்மையச் சொல்லு, வேணாங்கல. நான் சாப்பிட்டு முடிச்சப்புறம் சொல்லு."

வெள்ளிக்கிழமை மத்தியானம்

இப்போது சொல்லப்போவதைக் கேட்டால் இந்த வேலையில் இருக்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். எங்கள் கீபோர்டில் ஒரு பட்டனுக்குப் பேய் பட்டன் என்று பெயர். அதை அமுக்கிவிட்டால் சுவரும் கதவும் நம்மைத் தடுக்காது, ஊடே புகுந்து போய்விடலாம். விளையாடுகிறவர்களுக்கு அது கிடையாது, செய்கிறவர்களுக்கு மட்டும். கடைசி அறையில் ஒரு விளக்கு எரிகிறதா என்று பார்க்க, முதல் அறையிலிருந்து சுட்டுக்கொண்டு வர யாருக்குப் பொறுமை இருக்கும்? கடைசி வாரம் முழுக்க மூன்று பேரும் பேயாகத்தான் திரிந்தோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கோட்டையைத் திருவிழாவுக்கு அனுப்ப வேண்டும். மத்தியானமே எல்லாம் முடிந்த மாதிரி இருந்தது. சும்மா இருக்கப் பிடிக்காமல், பேய் பட்டனைத் தொடாமல் முதலிலிருந்து ஒரு தடவை விளையாடினேன். சுட்டு, அடிபட்டு, மருந்து தேடி, சிவப்புக் கதவுக்கு வந்து சேர்ந்தேன். பூட்டியிருந்தது. சிவப்புச் சாவி வேண்டும். வந்த வழியெல்லாம் திரும்பிப் போய் ஒவ்வொரு சுவராக முட்டினேன். இல்லை. கடைசியில் பேய் பட்டனை அமுக்கிக் கதவுக்குள் புகுந்தேன். உள்ளே, நான் நாள் தவறாமல் போரடிக்குது என்று சொல்லிக்கொண்டிருந்த அதே வராந்தாவில், சாவி மினுக்கிக்கொண்டிருந்தது. என் தொந்தரவு தாங்காமல் அண்ணன் அந்த வாரம்தான் வராந்தாவைச் சின்னதாக்கிக் கதவை முன்னால் இழுத்து வைத்திருந்தார். வராந்தாவின் கோடியில் இருந்த சாவி உள்ளே மாட்டிக்கொண்டது.

"அண்ணே, இத யாராலயும் முடிக்க முடியாது" என்றேன். "சிவப்புச் சாவி சிவப்புக் கதவுக்குப் பின்னாடி இருக்கு."

"நேத்து நான் கடைசி வரைக்கும் போனேனே."

"பேயா போனீங்க."

"நீ?"

"நானும்தான்."

அவர் திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கதவைப் பழைய இடத்துக்குத் தள்ளினால் கோட்டை முழுக்க வெளிச்சத்தையும் நிழலையும் கம்ப்யூட்டர் மறுபடி கணக்குப் போட வேண்டும். ஐந்து மணி தாண்டிவிடும். "அப்படியே அனுப்பிடலாம்" என்றார், யாரையும் பார்க்காமல். "அவ்வளவு தூரம் யாரு வரப்போறா? பாதிப் பேரு மொத ரூம்லயே எந்திரிச்சுப் போயிடுவாங்க."

"அவ்வளவு தூரம் வர்றவன்தான் அண்ணே நமக்கு வேணும். அவன் வந்து பூட்டுன கதவுல முட்டிட்டு ஊர் பூராச் சொல்லுவான்."

"ஜெனி, சும்மா இரு."

"அப்ப என்னை எதுக்கு வச்சிருக்கீங்க?"

பர்வீன் அக்காதான் பேசினார். "கதவத் தொட வேணாம் மாறன். சாவிய மட்டும் வெளிய எடுத்துப் போடுங்க. சாவிக்கு நெழல் கெடையாதுல்ல."

அண்ணன் அவரைப் பார்த்துவிட்டு மவுஸைப் பிடித்தார். எங்கே வைப்பது என்று யோசிக்க நேரமில்லை. கதவுக்கு வெளியே இழுத்துத் தரையில் போட்டார். நான் மறுபடி முதலிலிருந்து ஓடினேன், கதவு திறந்தது. அனுப்ப ஆரம்பித்துப் பாதி போகும்போது கரண்ட் போனது. வைஃபை செத்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினோம். பர்வீன் அக்கா வெயிலுக்குத் துப்பட்டாவைப் பிடிக்க, நான் சிக்னலுக்காகப் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க, கடல்காற்று இரண்டையும் பிடுங்கப் பார்க்க, எவ்வளவு போயிருக்கிறது என்று திரையில் காட்டுகிற கோடு எறும்பு மாதிரி ஊர்ந்து ஊர்ந்து ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தது. மாறன் அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கதவுக்கு முன்னாடியே சாவியப் போட்டு வச்சிருக்கோம். பாக்குறவன் நம்மள லூசுன்னு நெனப்பான்."

தொடாதே

அடுத்த வாரம் திருவிழா ஆரம்பித்து ஒரு நாள், இரண்டு நாள் போனது. எங்கள் கோட்டைப் பக்கம் ஈ, காக்கை இல்லை. திங்கட்கிழமைக்குள் பெங்களூருக்குப் பதில் சொல்ல வேண்டும். சனிக்கிழமை நான் போனபோது அண்ணன் ஒரு அட்டைப்பெட்டியில் ஒயர்களைச் சுருட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் பர்வீன் அக்கா, "இங்க வாங்க" என்றார், குரல் ஒரு மாதிரியாக.

எந்த நாடோ தெரியவில்லை, நரைத்த தாடிக்காரர் ஒருவர். பழைய சுடும் விளையாட்டுகளிலேயே காலத்தைக் கழித்தவர். எங்கள் கோட்டையை நேரலையில் விளையாடிக்கொண்டிருந்தார், ஒரு கூட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. மருந்துப் பெட்டியைத் தேடி எடுத்தார், நண்டைச் சுற்றி வந்து சுட்டார். சிவப்புக் கதவுக்கு வந்தார். முன்னால் சாவி, அநாதையாகத் தரையில். அண்ணன் முகத்தை மூடிக்கொண்டார்.

அவர் சிரிக்கவில்லை. இரண்டடி பின்வாங்கினார். "பொறி" என்றார் இங்கிலீஷில். இந்த ரக விளையாட்டில் சும்மா கிடக்கிற பொருளை எடுத்தால் சுவர் திறந்து அரக்கர் கூட்டம் கொட்டும் என்பது பழைய ஆட்டக்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறினது. திரும்பிப் போய் மிச்சமிருந்த மருந்தையும் தோட்டாவையும் பொறுக்கிக்கொண்டு வந்தார். சுவரையெல்லாம் முட்டினார். கூரையைக் குறி பார்த்தார். எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 'தொடாதே, தொடாதே' என்று எழுதித் தள்ளினார்கள். அங்கே ஒன்றுமே இல்லை என்று உலகத்தில் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். அப்படியிருந்தும் நான் மூச்சு விடவில்லை. கடைசியில் அவர் துப்பாக்கியை அறையின் பக்கம் நீட்டியபடி, பின்பக்கமாகவே நடந்து சாவியை மிதித்து எடுத்தார். ஒன்றும் வரவில்லை. கதவு திறந்தது. மார்பில் கையை வைத்துக்கொண்டு, "இத்தனை வருஷத்தில் ஒரு சாவியைப் பார்த்து நான் இப்படிப் பயந்ததில்லை" என்றார்.

சாயங்காலத்துக்குள் அந்தச் சாவியைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மாறன் அண்ணன் போனை எடுத்துப் பெங்களூர்க்காரர்களிடம், வரவில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லி வைத்தார். நான் இருப்பதை இருப்பதாகச் சொன்னேன்: அது பொறி இல்லை, அவசரத்தில் போட்டது, சரியான இடத்துக்கு மாற்றிவிடலாம். அவர் அட்டைப்பெட்டியிலிருந்து ஒயரை எடுத்தபடியே சொன்னார்:

"திங்கக்கிழமை வந்துடு ஜெனி. ஆனா அந்தச் சாவிய ஒரு இன்ச் நகத்துனே, கைய ஒடிச்சுருவேன்."

ஆக, இந்தத் தொழிலில் ஆட்டத்தை முடித்துக் காட்டுகிறவர்களுக்குக் கைதட்டல் கிடைக்கும், முடிக்கவே முடியாது என்று சொல்கிறவளுக்குத்தான் திங்கட்கிழமை வேலை கிடைக்கும்.