ஜங்லிகாட்டில் அஞ்சரை மணி வெளிச்சம்

நவம்பர் கடைசி வாரத்தில் நான் அந்தமான் போனது கடல் பார்க்க அல்ல, ஒரே ஒரு முகத்தைப் படமெடுக்க. சென்னை விடுதியில் மூன்று வருடம் என் அறைத்தோழியாக இருந்தவள் இப்போது கார் நிக்கோபார் தீவில் நர்ஸ். வீடு போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில். அப்பாவுக்கு மீன்பிடிப் படகு. பூர்வீகம் தூத்துக்குடிக் கடற்கரை. அவள் பெயரை இங்கே ஜெனி என்று வைத்துக்கொள்வோம்.

ஜெனிக்குத் தூத்துக்குடியில் ஒரு வரன் வந்திருந்தது. அதற்கு முன் வந்த வரனுக்கு ஸ்டுடியோவில் எடுத்த படம் அனுப்பியிருந்தார்கள். அதில் அவளை மைதா மாவு நிறத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதை நம்பிக் கப்பலேறி வந்த பையனின் அம்மா, காபியைக் கையில் வாங்கிக்கொண்டே, "போட்டோல இருந்த பொண்ணு எங்க?" என்று கேட்டாராம்.

"இந்தத் தடவை என் மூஞ்சி போகணும்டி. இல்லன்னா எதுவும் போக வேண்டாம்" என்றாள் ஜெனி போனில்.

என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு கேமரா, 50 எம்.எம். லென்ஸ் ஒன்று. ஃப்ளாஷ் கிடையாது. எடுத்த பிறகு நிறத்தில் கை வைக்கும் பழக்கமும் கிடையாது. "வெளிச்சம்தான் முக்கியம். அஞ்சரைக்கு வச்சுக்கலாம்" என்றேன். "அஞ்சரையா? சரி, ரெடியா இருக்கேன்" என்றாள். இந்த இரண்டு வரிகளைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். போக வர 11,800 ரூபாய். விமான நிலையத்திலிருந்து ஜங்லிகாட் மூன்று கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோவுக்கு 150 கொடுத்தேன். கடைத்தெருவில் ஒரு லாட்ஜில் அறை 1,300. வீட்டிலேயே தங்கச் சொன்னார்கள். தனி அறையில்தான் எனக்குத் தூக்கம் வரும் என்று மூன்று வருடம் கூட இருந்த ஜெனிக்குத் தெரியும் என்பதால் தப்பித்தேன். அன்று முழுக்க மழை. ஐந்து மணிக்கே இருட்டியதை மேகத்தின் கணக்கில் எழுதிவிட்டு, போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தூங்கினேன். மறுநாள் மாலைதானே வேலை.

காலை ஏழரைக்கு எழுந்து பார்த்தால், எடுக்காத அழைப்புகள் பதினேழு. ஜெனியைத் திருப்பி அழைத்தேன்.

"எங்கடி இருக்க? புடவை கட்டி, பூ வச்சு, விடியறதுக்கு முன்னாடிலேர்ந்து படகு ஜெட்டில நிக்கேன். மீன் வாங்க வந்த பெங்காலி அங்கிள் எல்லாம் 'ஷாதி ஹை க்யா', கல்யாணமான்னு கேட்டுட்டுப் போறாரு."

"நான் சாயங்காலம் அஞ்சரைல்ல சொன்னேன்?"

"சாயங்காலம் அஞ்சரைக்கு இங்க முழு அந்தேராடி, கும்மிருட்டு. பேயையா போட்டோ எடுக்கப் போற?"

இங்கே கடிகாரம் மெயின்லேண்டுக்கு ஓடுகிறது, சூரியன் தீவுக்கு ஓடுகிறது. நவம்பரில் ஐந்தேகாலை ஒட்டி உதயம், ஐந்துக்கு முன்பே அஸ்தமனம். நல்ல வெளிச்சத்துக்கு அஞ்சரை என்றால் தீவுக்காரிக்கு அது காலைதான். வேறு எதுவாக இருக்க முடியும்? அன்றைக்கே அவளுக்குக் கப்பல். மூன்று மணிக்கு ஹேடோ துறைமுகத்தில் இருக்க வேண்டும். கார் நிக்கோபாருக்கு அனுமதி இல்லாமல் நான் பின்னாலேயே போகவும் முடியாது.

எட்டு மணிக்குப் படகு ஜெட்டியில் சென்னையின் பத்து மணி வெயில். முதல் படத்தில் மூக்கின் நிழல் அவள் உதட்டுக்கு மேல் மீசையாக விழுந்தது. படகுக்கு மேல் பந்தலாகக் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயின் கீழே நிறுத்தினேன். முகம் நீலமாக வந்தது. "இத அனுப்புனா மூச்சு இருக்கான்னு கேப்பாங்க" என்றாள் ஜெனி.

கடைசியில் மீன் ஏலக் கொட்டகைதான் காப்பாற்றியது. வாசலுக்கு ஓரடி உள்ளே நிறுத்தினால் நேர் வெயில் இல்லை, பின்னால் இருட்டு, முன்னால் திறந்த வானம். கழுவிவிட்ட சிமென்ட் தரை வெளிச்சத்தைக் கீழிருந்து மெதுவாகத் திருப்பிக் கொடுத்தது. கண்களுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் இருள். அதற்கு மீன் பெட்டியின் தெர்மோகோல் மூடி ஒன்றைக் கழுவி, வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிப் பிடிக்கச் சொல்லி, கூட வந்திருந்த ஜெனியின் அம்மாவிடம் கொடுத்தேன்.

அங்கேதான் பிரச்சினை. மூடியைச் சாய்க்கச் சாய்க்க மகளின் முகம் வெளுப்பதை அம்மா கண்டுகொண்டார். ஒவ்வொரு படத்துக்கும் ஓரடி முன்னால் வந்தார்.

"அம்மா, கண்ணு கூசுது. என்ன வெளுக்கப் போட்டிருக்கியா?"

"சும்மா நில்லுட்டி. இது கம்ப்யூட்டர் வேல இல்ல, கர்த்தர் குடுத்த வெளிச்சம்தான?"

மூடியை இடுப்பளவுக்கு இறக்கி, இரண்டடி பின்னால் போகச் சொன்னேன். ஓரடி போனார். ஜெனி சிரிக்கவில்லை. கேமராவை நேராகப் பார்த்தாள், ஊசி போடுமுன் நோயாளியைப் பார்ப்பது போல. எடுத்தேன்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை நெடுநேரம் பார்த்தார். அந்தக் கொட்டகையில் அப்போது என் கவலையெல்லாம், அவர் சம்மதிக்காவிட்டால் பழைய ஸ்டுடியோ படமேதான் மறுபடி போகும் என்பதுதான்.

"மூக்கு அவ அப்பா. நிறம் என்னோடது" என்றார். பிறகு, "இந்த நிறத்தப் பாத்துத்தான அவரு என்னக் கெட்டுனாரு. அனுப்பு பிள்ள."

ஜெட்டியிலிருந்தே அனுப்பினோம். ஜெனி கப்பலேறினாள்.

மறுநாள் விடிகாலையில் பாராடாங் தீவுக்குக் கிளம்பினேன். பழங்குடியினர் வாழும் காட்டு வழியில் படமெடுக்கத் தடை என்பதால் கேமரா பைக்குள்ளேயே இருந்தது. எதையும் எடுத்துவிட வேண்டும் என்ற பதற்றமில்லாமல் வெளிச்சத்தை வெறுமனே பார்ப்பது எவ்வளவு சுகம் என்று தோன்றியது. முகங்களைக்கூட முதலில் அப்படிப் பார்க்க வேண்டும்போல.

முகம் எடுக்கப் போகிறவர்களுக்கு: காலை ஆறரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள், மாலை என்றால் மூன்றரைக்கே தொடங்குங்கள். வெயில் ஏறிவிட்டால் திறந்த வாசல் தேடுங்கள். வண்ணத் தார்ப்பாய் வேண்டவே வேண்டாம். தெர்மோகோல் இலவசம், வாசனையும் இலவசம். நேரம் சொல்லும்போது காலையா மாலையா என்பதையும் சொல்லுங்கள். ஜெனியின் படத்தை இங்கே போடவில்லை; அது ஒரு முகவரிக்குப் போவதற்காக எடுத்தது.

நான் சென்னை திரும்பிய பிறகு கார் நிக்கோபாரிலிருந்து செய்தி வந்தது: "பையன் வீட்டுல பிடிச்சிருக்காம். அவன் போட்டோவும் வந்துச்சு. மைதா மாவுடி. ஒரிஜினல அனுப்பச் சொல்லியிருக்கேன்."