கரடிக்கை வீட்டுத் துடைப்பம்

என் தம்பி தாய்ஸ்தோ தனக்கு வீடு கிடைத்த விஷயத்தைச் சாவுச் செய்தி மாதிரி வந்து சொன்னான். வாசலில் நின்று, தொப்பியைக்கூடக் கழற்றாமல், "அக்கா, வீடு விழுந்திருச்சு" என்றான். நான் பதறிப்போய் எந்த வீடு, யார் வீடு என்று கேட்டேன். குலுக்கலில் விழுந்திருக்கிறதாம். அதுவும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள்ளே. அப்போது என் கையில் இருந்த கரண்டியால் அவன் தலையில் ஒன்று போட்டிருக்க வேண்டும். போடாமல் விட்டது என் நல்ல குணம்.

தாய்ஸ்தோ முப்பது வருஷத்துக்கு மேல் மர லாரி ஓட்டியவன். பனியில் இரண்டு முறை லாரி கவிழ்ந்தும் ஒரு கீறல் இல்லாமல் எழுந்து வந்தான். கடைசியில் வெறும் டயரைத் தூக்கும்போது முதுகு போனது. பெண்டாட்டி அதற்கு முன்பே போய்விட்டாள், சண்டை எதுவும் இல்லை. வீட்டில் பேச்சுச் சத்தம் வேண்டும் என்று போனாள். அவளையும் குறை சொல்ல முடியாது. எண்ணி நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவன் இவன்.

லாரியும் போன பிறகு ஒரு குளிர்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். நான் வைத்த சாப்பாடு வைத்த இடத்திலேயே காய்ந்தது. அதற்குப் பிறகுதான் அவனை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் ஊரான ராஹேயில், நான் இருக்கிற குடியிருப்பிலேயே கீழ்த்தளத்தில் வைத்தேன்.

அவனைப் படுக்கையிலிருந்து எழுப்பியது நானும் இல்லை, டாக்டரும் இல்லை. இந்த விளையாட்டுதான். டிராகன், மந்திரவாதி, வாள் என்று ஒரு உலகம். அதில் எல்லோரும் டிராகனைக் கொல்லப் போவார்களாம். என் தம்பி எதையும் கொல்வதில்லை. 'கரடிக்கை' என்று பெயர் வைத்துக்கொண்டு, தாடி வைத்த ஒரு பெரிய ஆளாகத் துறைமுகப் படியில் உட்கார்ந்து மீன் பிடிப்பான், சூப் காய்ச்சுவான், சண்டைக்குப் போகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுப்பான். கப்பல் ஏற அந்தப் படி வழியாகத்தான் போயாக வேண்டும். போகிறவன் வருகிறவன் எல்லோரும் நின்று ஒரு கிண்ணம் குடித்து நாலு கதை பேசிவிட்டுப் போவார்கள். நேரில் வாயே திறக்காத ஆள், அங்கே தட்டச்சில் ஊர்க்கதை அளப்பான். பின்னால் நின்று படித்த எனக்கு மயக்கமே வந்தது. இவ்வளவு பேச்சை எங்கேடா ஒளித்து வைத்திருந்தாய் என்று கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பவும் தூண்டிலைப் போட்டான்.

அவன் குழுவில் ஒருத்தி எனக்குத் தெரிந்தவள். எங்கள் ஊர்க் கடையில் மீன் வெட்டுகிற சிர்பா. மற்றவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். ரூஜ்ஜேரோ என்று ஒரு இத்தாலிக்காரன், திரியெஸ்தே நகரில் பஸ் பழுது பார்க்கிறவன், தாய்ஸ்தோவின் சூப்பைத் தினமும் குறை சொல்லித் தினமும் குடிப்பவன்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், இனிமேல் விளையாட்டில் ஆளுக்கொரு வீடு வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். கூட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. சிர்பா மீனை நிறுத்துக்கொண்டே என்னிடம் சமையலறைத் திரைச்சீலையின் நிறத்தைப் பற்றிப் பேசினாள். நிஜ வீட்டில் அவள் திரைச்சீலை மாற்றி எத்தனை வருஷம் ஆகிறதோ. ரூஜ்ஜேரோவுக்குத் திராட்சை மது வைக்க ஒரு நிலவறை வேண்டும். கூடவே கவலைகளும் இருந்தன. மனை எல்லோருக்கும் போதுமா, பணக்காரர்கள் மொத்தமாக வளைத்துவிடுவார்களா, கொஞ்ச நாள் வராமல் இருந்தால் வீட்டை இடித்துவிடுவார்களா என்று மாற்றி மாற்றிப் புலம்பினார்கள்.

என் தம்பியின் கவலை வேறு. வீடு வந்தால் அதோடு ஒரு பொத்தானும் வருமாம். எங்கே இருந்தாலும் அதை அழுத்தினால் நேராக வீட்டுக்குள் போய் நிற்கலாம். அப்புறம் எவன் துறைமுகப் படியில் நடப்பான்? எவன் நின்று பேசுவான்? அவனவன் வீட்டுக்குள் கதவை அடைத்துக்கொள்வான், ஊர் செத்துப்போகும். இதை அவன் விளையாட்டின் கருத்துப் பக்கத்தில் பக்கம் பக்கமாக எழுதினான். நான் படித்துவிட்டுச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"நீ சிரிப்பே அக்கா. உனக்குப் படிக்கட்டுல பேச நாலு பேர் இருக்காங்க. எனக்கு இருக்கிறது அந்தப் படிதான்."

அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிர்பாதான் நச்சரித்து அவனையும் குலுக்கலில் சேர வைத்தாள். வேண்டாம் என்று குதித்தவனுக்கு முதல் சீட்டிலேயே விழுந்தது, அதுவும் தெருக்கோடியில் தண்ணீரை ஒட்டிய மனை. வேண்டி வேண்டிக் காத்திருந்த ரூஜ்ஜேரோவுக்கு மூன்றாம் தடவைதான் கிடைத்தது. அவன் இவனைத் திட்டிய திட்டை இத்தாலிய மொழியிலேயே அனுப்பினான், மொழிபெயர்த்தால் சுவை போய்விடும் என்று.

வீடு வந்த பிறகு தாய்ஸ்தோ செய்ததைக் கேளுங்கள். மற்றவர்கள் உள்ளே மாடி, மஞ்சம் என்று அலங்கரிக்க, இவன் உள்ளே ஒரு நாற்காலியும் ஒரு அடுப்பும் மட்டும் போட்டான். சூப் பானையையும் நீளமான பெஞ்சுகளையும் முற்றத்தில் போட்டான். "உள்ள கூப்பிட்டா வரமாட்டாங்க, வெளிய இருந்தா உக்காருவாங்க" என்றான். ஒரு மாதம் போல நன்றாகவே போனது. தெருவில் குடியேறினவர்கள் மாலையில் அவன் முற்றத்துக்கே வந்தார்கள். பயந்தது நடக்கவில்லையே என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

அப்போது ஔலு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து முதுகு அறுவை சிகிச்சைக்குக் கூப்பிட்டார்கள். பையைக் கட்டிவிட்டு, கிளம்பும் முன் கம்ப்யூட்டரில் ஒரு காரியம் செய்தான். விளையாட்டுக் கடையில் சூனியக்காரிகளுக்காக விற்கிற துடைப்பம் ஒன்றை வாங்கி, தன் வீட்டுக் கதவில் குறுக்கே சாய்த்து வைத்தான். எங்கள் பக்கத்து ஏரிக்கரை வீடுகளில் அப்படித்தான். பூட்டு எதற்கு? வெளியே போகும்போது துடைப்பத்தைக் கதவில் சாய்த்துவிட்டுப் போனால் வீட்டில் ஆள் இல்லை என்று பொருள். சாய்ந்த துடைப்பத்தைத் தாண்டி ஒருவரும் கதவைத் தொடமாட்டார்கள். எங்கள் அப்பா அதைத் தாண்டி ஒரு சுத்தியல் இரவல் எடுத்த பக்கத்து வீட்டுக்காரரோடு சாகும்வரை பேசவில்லை. துடைப்பத்தை வைத்துவிட்டு, கரடிக்கையைத் துறைமுகப் படியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனான்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் வாரக்கணக்கில் படுக்கை. வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார டாக்டர் அனுமதித்த அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி இருந்தது.

ஆனால் நாலைந்து நாளில் அந்த முகம் இருண்டது. இன்னும் இரண்டு நாள் போனதும் நான் வைத்த சால்மன் சூப் வைத்த இடத்திலேயே இருந்தது. அந்தப் பழைய குளிர்காலம் கதவுக்கு வெளியே நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. உட்கார்ந்து, சொல்லித் தொலைடா என்று அதட்டினேன்.

மெதுவாகச் சொன்னான். வந்த அன்றைக்கு முதுகு வலியோடு படியிலிருந்து தெருக்கோடிவரை கரடிக்கையை நடத்திப் போகப் பொறுமை இல்லாமல், அந்தப் பொத்தானை அழுத்தினானாம். ஆமாம், பக்கம் பக்கமாகத் திட்டினானே, அதே பொத்தான்தான். நேராக வீட்டுக்குள் போய் நின்றான். அங்கே நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தான். யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த விளையாட்டில் வீட்டுக்குள் இருந்தால் ஜன்னலில் தெரிவது வெறும் வரைந்த வானம்தானாம், தெருவில் ஆள் நடந்தால்கூடத் தெரியாதாம், வெளிப்பேச்சும் உள்ளே வராதாம்.

"நீ வந்துட்டேன்னு குழுவில ஒரு வார்த்தை எழுதினியா?"

"இல்ல."

"ஏன்?"

"நான் வந்தது தெரியாம இருக்கப் பேரையும் மறைச்சுதான் வச்சிருக்கேன். குழுப் பேச்சையும் அணைச்சுட்டேன். நான் கூப்பிடாம, தானா ஒருத்தராவது எட்டிப் பாக்கறாங்களான்னு பாத்தேன். ஒருத்தர்கூட வரல, அக்கா. நான் அப்பவே சொன்னேன்ல."

வீம்பு. பரம்பரை வீம்பு. சுத்தியல் இரவலுக்காகப் பேச்சை நிறுத்திய அப்பனுக்குப் பிறந்த பிள்ளை வேறெப்படி இருக்கும்? வருகிற சனிக்கிழமை கரடிக்கையை ஒரேயடியாக அழித்துவிடப் போவதாகச் சொன்னான். அழித்தால் திரும்பி வராதாம். கம்ப்யூட்டரையும் விற்றுவிடுகிறானாம். சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. முகம் தெரியாத அந்தக் கூட்டத்தின் மேல் அப்படியொரு ஆத்திரம். வருஷக்கணக்கில் சூப் குடித்தீர்களே, ஒரு எட்டு வந்து பார்த்தால் குறைந்தா போவீர்கள்?

மறுநாள் கடைக்குப் போனபோது அந்த ஆத்திரம் மொத்தமும் சிர்பாவுக்காகத் தயாராக இருந்தது. அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"ரைலி அக்கா, தாய்ஸ்தோ அண்ணனை இன்னும் ஆஸ்பத்திரியில இருந்து விடலயா? எங்களுக்கெல்லாம் ரொம்பக் கவலையா இருக்கு."

"அவன் வந்து எத்தனை நாளாச்சு. தினம் அந்த வீட்டுக்குள்ளதானே உக்காந்திருக்கான்."

கத்தி நடுவழியில் நின்றது. "வீட்டுக்குள்ளயா? துடைப்பம் இன்னும் கதவுல இருக்கே அக்கா."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். துடைப்பத்தை எடுக்காமலே உள்ளே போயிருக்கிறான் மடையன். வாசல் வழியாகப் போயிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். பொத்தானை அழுத்தி நேரே உள்ளே குதித்தவனுக்கு வாசல் எங்கே தெரியும்?

சிர்பா கையைத் துடைத்துக்கொண்டு எல்லாம் சொன்னாள். தினமும் ஏழு மணிக்கு எல்லோரும் அவன் முற்றத்துக்கு வருகிறார்களாம். பெஞ்சில் உட்கார்ந்து, பானை அணையாமல் முறை வைத்துச் சூப் காய்ச்சுகிறார்களாம். கதவைத் தட்டிப் பார்க்கலாமா என்று ரூஜ்ஜேரோ தினமும் கேட்கிறானாம். துடைப்பம் சாய்ந்திருக்கும் கதவைத் தொடுவது மரியாதை இல்லை என்று இவள்தான் தினமும் தடுத்திருக்கிறாள்.

"ஒரு போன் பண்ணக் கூடாதாடி எனக்கு?"

"ஆஸ்பத்திரியில இருக்கிறவங்க வீட்டைப் போய்த் தொந்தரவு பண்ணலாமா அக்கா?"

இவளை என்ன செய்ய? நானாக இருந்தாலும் பண்ணியிருக்க மாட்டேன். எனக்குச் சத்தமாகவே சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எங்கள் இருவரையும் பார்க்காத மாதிரி ஐஸ்கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீனை வாங்காமலே வந்துவிட்டேன்.

சரியாக ஏழு மணிக்கு அவன் வீட்டுக்குள் நுழைந்து விளக்கைப் போட்டேன். எழுந்திரு, கரடிக்கையைத் திற என்றேன். முனகினான். அதை அழிக்காதே என்று உன்னிடம் கெஞ்ச வரவில்லை, ஒரே ஒரு காரியம் செய், அப்புறம் உன் இஷ்டம் என்றேன். முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். திரையில் அந்த வெற்று அறையும் நாற்காலியும் வந்தன.

"வாசல் வழியா வெளிய போடா."

"எதுக்கு?"

"போடான்னா போ."

கரடிக்கை எழுந்து நடந்து கதவைத் திறந்தது. திரை ஒரு கணம் கறுத்து, பிறகு முற்றம் வந்தது. மூன்று பெஞ்சும் நிறைந்து, இடம் போதாமல் தரையிலும் ஆட்கள். பானையில் ஆவி பறந்தது. சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு குள்ளன் கரண்டியோடு நின்றான், அவன்தான் ரூஜ்ஜேரோவாம். கதவோரத்தில் அந்தத் துடைப்பம். ஆட்களின் தலைக்கு மேல் எழுத்துகள் மளமளவென்று குவிய ஆரம்பித்தன, எனக்குப் படிக்கவே முடியவில்லை. சிர்பா எழுதியது மட்டும் எங்கள் மொழியில் இருந்ததால் கண்ணில் பட்டது: "அண்ணே, முதல்ல துடைப்பத்தை எடுங்க, உள்ள வரணும்."

என் தம்பி அழுது நான் பார்த்தது அம்மா போனபோது ஒரு தடவை, அதற்குப் பிறகு அன்றைக்குத்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு துடைப்பத்தை எடுத்தான். கதவு திறந்ததும் அத்தனை பேரும் அந்த ஒற்றை நாற்காலி வீட்டுக்குள் முண்டியடித்துக்கொண்டு நுழைந்தார்கள்.

"அக்கா" என்றான் திரும்பாமலே. "அந்தச் சூப் இன்னும் இருக்கா?"

இருந்தது. மேலே என் வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தேன். சுடும்வரை நின்று ஆசை தீர அழுதேன், போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு. கிண்ணத்தில் ஊற்றி, கம்பு ரொட்டியும் வெண்ணெயுமாகக் கொண்டுபோய் அவன் முழங்கைப் பக்கத்தில் வைத்தேன். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீடு நிறைய ஆட்கள், எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது அவனுக்கு.